பாக்கிக்காரர் சொத்தை முடக்க: ஜப்தியா, தடையுத்தரவா, பிரிவு 9-ஆ?

சேலம் லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவர், வாங்கியவர் குடோனைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் வக்கீலிடம் ஓடுகிறார். "அவர் சொத்தை முடக்குங்கள்" என்கிறார். முடக்க மூன்று வழிகள் உண்டு. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் பணம் வருவதும் போவதும் இருக்கிறது.

முதலாவது, தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி, அதாவது வழக்கு முடியும் முன்பே நீதிமன்றம் சொத்தைப் பிடித்து வைப்பது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 38, ரூல் 5. மூன்றில் பலமானது இதுதான், கிடைப்பதற்குக் கடினமானதும் இதுதான். ஜப்திக்குப் பிறகு பிரதிவாதி சொத்தை விற்றால், ஜப்தி செய்தவரின் கோரிக்கைக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. ஆணை சார்பதிவாளர் அலுவலகம் போய்ச் சேர்ந்தால் வில்லங்கச் சான்றிலும் ஏறும். ஆனால் கடன் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. தீர்ப்பு வந்தாலும் பணம் கிடைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சொத்தை நகர்த்துகிறார் என்றும் காட்ட வேண்டும். ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2007-இல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சொத்தை விற்கப் போவதாகத் தெரிகிறது" என்று அபிடவிட்டில் (பிரமாண வாக்குமூலத்தில்) பொத்தாம்பொதுவாக எழுதினால் மனு நிற்காது. எந்தச் சொத்து, யாரிடம் பேச்சு நடக்கிறது, எப்படித் தெரிந்தது என்று எழுத வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சொத்து ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் உரிமை அப்படியே இருக்கும். மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதனால் மனு போடும் முன்பே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஏற்காட்டு எஸ்டேட் சம்பந்தப்பட்ட பாக்கி என்றால் அதே ஆர்டர் 38-இன் ரூல் 12-ஐயும் வக்கீலிடம் கேளுங்கள். விவசாயி கையில் இருக்கும் விளைபொருளைத் தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்ய முடியாது.

இரண்டாவது, ஆர்டர் 39-இன் கீழ் தடையுத்தரவு. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை விற்கப் பார்ப்பவரை "விற்காதே" என்று நிறுத்துவது. இது சொத்தைப் பிடிப்பதில்லை, ஆளைத்தான் கட்டுப்படுத்துகிறது. 1975-இல் லண்டனில் மரேவா வழக்கில் பெயர்பெற்ற முடக்க ஆணையும் இந்த வகைதான். மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. ஆனால் விற்றுப்போனதை வாங்கியவரிடமிருந்து மீட்பது தனிப் போராட்டம்.

மூன்றாவது, நடுவர் சட்டத்தின் பிரிவு 9. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற ஷரத்து (நடுவர் ஷரத்து) ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே. பில்லின் அடியில் அச்சடிக்கும் "சேலம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்ற வரி நடுவர் ஷரத்து ஆகாது. ஆர்டர் 38-இன் கறார் நிபந்தனைகள் இங்கே அப்படியே பொருந்துமா என்பதில் 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வேறு வேறு பக்கம் சாய்கின்றன. எஸ்ஸார் ஹவுஸ் தீர்ப்பு தளர்வாகப் பார்க்கிறது, சாங்கி தீர்ப்பு கறாராக நிற்கிறது. ஆணை கிடைத்தால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்.

சரி, என் தேர்வு? ஆர்டர் 38-தான், ஆனால் ஜப்தியை எதிர்பார்த்து அல்ல. நீதிமன்றம் முதலில் "ஈடு கொடு, அல்லது ஏன் கொடுக்க வேண்டாம் என்று சொல்" என்று பிரதிவாதிக்கு உத்தரவிடலாம். அந்த ஈடே எனக்குப் போதும். வங்கி உத்தரவாதம் வந்துவிட்டால் அவர் தொழிலும் ஓடும், நம் பணத்துக்கும் பிடி இருக்கும். சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் வங்கிக் கணக்கை முடக்கினால் அந்த வாரக் கூலி நின்றுவிடும். பாக்கி வைத்தது முதலாளி, பட்டினி கிடப்பது பற்றவைக்கும் தொழிலாளி. இது எனக்குச் சகிக்கவில்லை. போதிய காரணமின்றி ஜப்தி வாங்கியவரிடமிருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 95-இன் கீழ் கிடைக்கும் இழப்பீட்டின் உச்சமே 50,000 ரூபாய்தான். அடைத்த பட்டறையை அதை வைத்துத் திறக்க முடியாது.

வணிக வழக்கு 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், அவசர நிவாரணம் கேட்காதவர் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகவே ஒப்புக்கு ஒரு முடக்க மனுவைச் சேர்க்காதீர்கள். 2023 முதல் நீதிமன்றங்கள் அதைக் கூர்ந்து பார்க்கின்றன.

அப்புறம், பாக்கி வைத்திருக்கும் பக்கம் நீங்கள் என்றால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148-ஏ-இன் கீழ் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு, போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் உத்தரவு போவது அரிதாகும்.