கிரேக்கப் புதிய ஏற்பாடு: இணைவரிப் பதிப்பா, வாசகர் பதிப்பா?

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலேயே படிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குக் கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும். இணைவரிப் பதிப்பில் ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கு அடியிலும் பொருள் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாசகர் பதிப்பில் பக்கம் முழுக்கக் கிரேக்கம்தான். அபூர்வமான சொற்களுக்கு மட்டும் பக்கத்தின் அடியில் பொருள் கொடுத்திருப்பார்கள். நான் வாங்கியது வாசகர் பதிப்பு. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இணைவரியின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுத்துக்கூட்டத் தெரிந்தாலே தொடங்கிவிடலாம், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. கூடவே ஸ்ட்ராங் எண் இருக்கும், அதாவது ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்கும் ஓர் எண். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்ட 1890இல் வந்த ஒத்தவாக்கிய அகராதியின் அந்த எண்களை இன்றைக்கும் வேதாகமச் செயலிகள் பயன்படுத்துகின்றன.

ஆனால் அந்த எண் வேர்ச்சொல்லைக் காட்டுமே தவிர, அது நிற்கிற வடிவத்தைக் காட்டாது. 1 யோவான் 2:1இலும் 3:9இலும் 'பாவம் செய்' என்பதற்கு வருவது ஹமர்த்தானோ என்ற ஒரே வினை, எண் 264. முதல் இடத்தில் அது அயோரிஸ்ட் வடிவம் (செயலை ஒரு முழுமையாகக் காட்டும் கிரேக்க வினை வடிவம்), இரண்டாவதில் நிகழ்கால வடிவம். 'தொடர்ந்து பாவத்தில் வாழ்வதைத்தான் 3:9 சொல்கிறது' என்று சிலர் விளக்குவது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். ஒரு வினை வடிவம் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று கேட்கிறவர்களும் உண்டு. யார் பக்கம் நின்றாலும் வாதம் வடிவத்தைப் பற்றியது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. நல்ல இணைவரிகள் இலக்கணக் குறிப்பும் தருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை.

என் முடிவுக்குக் காரணம் வேறு. படித்த கிரேக்கம் மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்தை முடிப்பதைவிட அதைக் காப்பாற்றுவது கஷ்டம். புதிய ஏற்பாட்டில் மொத்தம் சுமார் 1,38,000 சொற்கள். வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 5,400 போல வரும். அவற்றில் 50 முறைக்கு மேல் வருகிற முந்நூற்றுச் சொச்சம் சொற்களே ஏறக்குறைய 80 சதவீதத்தை நிரப்பிவிடுகின்றன. தொடக்கப் பாடநூல்கள் மனப்பாடம் செய்யச் சொல்வதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

இணைவரி இந்தச் சொற்களுக்கும் அடியில் பொருள் போட்டுவிடுகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த 'காய்' ('மற்றும்') என்ற இணைப்புச் சொல்லுக்குக்கூட! கண் தானாகக் கீழே இறங்கிவிடும், நினைவுக்கு வேலையே இல்லை. ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் வாசகர் பதிப்பு 30 முறையோ அதற்குக் குறைவாகவோ வரும் சொற்களுக்குத்தான் பொருள் தருகிறது. மற்றதை நாமேதான் நினைவுகூர வேண்டும். தினமும் நான்கைந்து வசனம் வாசித்தால் போதும், சொல் அட்டையை வைத்துத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதபோது வேற்றுமைகள் நமக்கு எளிதாகவே பிடிபடுகின்றன. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறி நின்றாலும் விகுதியைப் பார்த்துப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதா என்ன?

வாசகர் பதிப்பிலும் தொல்லை உண்டு. அடிக்கடி வருகிற சொல் என்பதால் 'வா' என்று பொருள்படும் எர்க்கோமாய் என்ற வினைக்கு உதவி கிடைக்காது. ஆனால் அது 'ஏல்தென்' என்று கடந்தகாலத்தில் வந்து நின்றால் அதே சொல் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டால் நானும் செயலியில் இணைவரியைத்தான் திறக்கிறேன். நான் அதிகம் வாசித்தது யோவானும் மாற்கும். எபிரெயரில் சில அதிகாரங்களோடு சரி, அதனால் கடினமான நடையில் இது எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இலக்கணமே இன்னும் தொடங்காதவர் வாசகர் பதிப்பை இப்போது வாங்க வேண்டாம், அலமாரியில்தான் கிடக்கும். அடிப்படைப் பாடநூல் ஒன்றை முடித்துவிட்டு வாங்கி, 1 யோவானில் தொடங்குங்கள். சொற்கள் குறைவு, வந்ததே திரும்பத் திரும்ப வரும். அப்புறம் யோவான் சுவிசேஷம். லூக்காவைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.