"எல்லா மெழுகுக்கும் பொருந்தும்" என்று விற்கப்படும் திரியை நம்பி வாங்காதீர்கள்

வீட்டில் பில்லர் (டப்பா இல்லாமல் தூண் போலத் தனியாக நிற்கும்) மெழுகுவர்த்தி செய்பவர்கள், குறிப்பாகப் பாரஃபினோடு தேன்மெழுகையோ சோயா மெழுகையோ கலந்து ஊற்றுபவர்கள், அடுத்த முறை திரி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "எல்லா மெழுகுக்கும், எல்லா அளவுக்கும்" என்று போட்டு ஆன்லைனில் விற்றவரிடம் திரி வாங்கி ஏமாந்திருக்கிறேன். சோதனைக்காக ஊற்றியவை எல்லாம் வீணாகி, கையில் இருந்த ஒரு ஆர்டரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எரிந்துகொண்டிருந்த ஒரு பில்லரின் பக்கம் உடைந்து, சுடச்சுட மெழுகு மேசையெல்லாம் ஓடியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வாங்கும்போதே அவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். அச்சின் விட்டம் 7.5 செ.மீ., பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த கலவை, கெட்டிப்படக் கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம், வாசனை எண்ணெய் உண்டு, டப்பாவில் ஊற்றுவதில்லை, தனியாக நிற்கும் பில்லர். இதற்கு எந்தப் பின்னல், எந்த எண் (திரியின் தடிமனைக் குறிக்கும் எண்) திரி தருவீர்கள் என்பதுதான் கேள்வி. "தைரியமா வாங்குங்க, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று உடனே பதில் வந்தது. எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி கேட்டேன், "பில்லருக்கும் நல்லா எரியும்" என்றார்.

வந்தது, அடியில் தகர வில்லை மாட்டி, மெழுகில் முக்கி விறைப்பாக வெட்டி வைத்த மெல்லிய திரி. டப்பா மெழுகுவர்த்தி செய்பவர்களுக்கு ஆகும் சரக்கு. பொட்டலத்தின் மேல் நீளம் மட்டும்தான் அச்சிட்டிருந்தது.

ஏற்றிப் பார்த்தால் சுடர் தலையெடுக்கவே இல்லை. திரியைச் சுற்றி மட்டும் மெழுகு உருகி, நடுவில் குழி பறித்துக்கொண்டே இறங்கி, கடைசியில் அந்தக் குழிக்குள்ளேயே திரி மூழ்கி அணைந்தது. தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகிய பிறகும் பாரஃபினைப் போல நீர்த்து ஓடாது, கொஞ்சம் கொழகொழப்பாகவே இருக்கும். மெல்லிய திரியால் அதைப் போதுமான அளவு மேலே இழுக்க முடியாது. பாரஃபினுக்குச் சரியாக எரிந்த திரி, கலவையில் தேன்மெழுகோ சோயாவோ கூடினால் திணறுவது இதனால்தான். கலவையின் விகிதத்தை மாற்றினாலே திரியைப் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்னும்போது, எல்லா மெழுகுக்கும் ஒரே திரி என்பது எப்படி நடக்கும்?

டப்பாவில் என்றால் உருகிய மெழுகு சுவர் வரை போய்த் தொட வேண்டும். பில்லரில் அப்படித் தொடவே கூடாது. ஓரத்தில் 5, 6 மில்லிமீட்டராவது உருகாமல் நின்றால்தான் அது உள்ளே இருக்கும் மெழுகைத் தாங்கும். திரி கொஞ்சம் சிறுத்தால் குழி, கொஞ்சம் பெருத்தால் உடைப்பு. இந்த இடைவெளி தெரிந்தவர் யாரும் எண் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

புகார் சொன்னபோது, "உங்க மெழுகுலதான் கோளாறு, பெரிய சைஸ் வாங்கிப் பாருங்க" என்றார். அதற்கும் பணம் கட்டினேன். "பெரியது" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலம் வந்தது. பார்வைக்குச் சந்தேகமாக இருந்ததால், பழையதிலும் புதியதிலும் ஒரே நீளத்துக்கு வெட்டி, வெந்நீரில் மெழுகைப் போக்கி, காயவைத்து, இழை இழையாகப் பிரித்து வைத்தேன். இரண்டிலும் இழை எண்ணிக்கை ஒன்றே, தடிமன் ஒன்றே. ஸ்டிக்கர் மட்டும் வேறு.

படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு அவர் சொன்ன யோசனைதான் ஆபத்தானது: "ரெண்டு திரியைச் சேர்த்து முறுக்கிப் போடுங்க." தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். சுடர் எகிறி ஆடியது, கரும்புகை கிளம்பியது, திரி நுனியில் காளான் குடை போலக் கரி திரண்டது. இரண்டாவது மணி நேரத்துக்குள் ஒரு பக்கச் சுவர் மெலிந்து உடைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றதால் உடனே அணைக்க முடிந்தது.

நல்ல பின்னல் திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே காற்று தாராளமாகக் கிடைப்பதால் நுனி தானே எரிந்து தீர்ந்துவிடும். 1820களில் பிரான்சில் காம்பசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவருவதற்கு முன், முறுக்கிய திரியின் கரியை அவ்வப்போது கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முறுக்கச் சொல்பவர் நம்மை அந்தக் காலத்துக்கே திருப்பி அனுப்புகிறார்.

இன்னொன்றும் தெரியவந்தது. பிரித்த இழையைக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். இதில் சில இழைகள் சுருங்கி, பிளாஸ்டிக் வாடையோடு உருகி, ஆறியபின் நகத்தால் கீறினாலும் உடையாத கறுப்பு உருண்டையாக நின்றன. "100 சதவீதம் பருத்தி" என்று எழுதி விற்றதில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பொட்டலம் பிரிச்சா ரிட்டர்ன் இல்லை" என்று சொல்லிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பிரிக்காமல் திரியை எப்படிச் சோதிப்பது?

உள்ளே உலோகக் கம்பி வைத்த திரி யாராவது தந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஈயக் கம்பித் திரியை அமெரிக்காவில் 2003இல் தடை செய்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதுதான் காரணம். கம்பியின் நுனியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறத் தடம் விழுந்தால் அது ஈயம், தொடாதீர்கள். துத்தநாகமோ தகரமோ அப்படித் தடம் விடாது.

சரி, எங்கே எப்படி வாங்குவது? பின்னல் வகையும் எண்ணும் எழுதித் தருபவரிடம் மட்டும். தேன்மெழுகு கலந்த பில்லருக்குச் சதுரப் பின்னல் (வெட்டிப் பார்த்தால் சதுரமாகத் தெரியும்) திரியைக் கேளுங்கள். எண் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், உங்கள் விட்டத்துக்கு அவர் சொல்லும் எண்ணோடு அதற்கு ஒன்று கீழும் ஒன்று மேலும் சேர்த்துச் சிறு அளவில் வாங்குங்கள். மெழுகில் முக்காத திரியாக இருந்தால், உருகிய மெழுகில் குமிழி வருவது நிற்கும் வரை முக்கி, நேராக இழுத்துக் காயவைத்து அப்புறம் பயன்படுத்துங்கள். நிறத்துக்கு மைக்கா பொடி (மினுமினுக்கும் கனிமப் பொடி) போடுபவர்கள் கவனம், அது திரியின் நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும். அப்படிப்பட்ட மெழுகில் எந்தத் திரியும் நல்ல பெயர் எடுக்காது.

என்னை மாதிரி இந்தத் திரியை ஏற்கெனவே போட்டு ஊற்றி வைத்திருப்பவர்கள், அந்த மெழுகுவர்த்திகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் ஏற்ற வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் மெழுகு முழுக்கத் திரும்பக் கிடைக்கும். திரியை மட்டும் எடுத்து எறிந்துவிடுங்கள்.