கல்வி நிலையமொன்றின் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

நல்லூரில் க.பொ.த. உயர்தர வகுப்புகளை நடத்தும் தனியார் கல்வி நிலையமொன்று, பெற்றோரின் கேள்விகளுக்கு வட்ஸ்அப்பில் பதிலளிக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அறிமுகப்படுத்தியுள்ளது. வகுப்பு நேரத்தையும் கட்டணத்தையும் நல்ல தமிழில், இரவிலும் உடனுக்குடன் சொல்கிறது. வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது பெரிய உதவி.

ஆனால், நிலையத்தில் பதிவு செய்யப்படாத இலக்கமொன்றிலிருந்து என் மகளின் பெயரை எழுதி, நான் அங்குள்ள ஆசிரியர் என்று மட்டும் சேர்த்தபோது, அவளுடைய புள்ளிகளையும் வீட்டு முகவரியையும் அது தயக்கமின்றித் தந்துவிட்டது. இத்தகைய உதவியாளர்களை இயக்கும் மென்பொருள்களான மொழி மாதிரிகள், உரிமையாளர் இட்ட கட்டளையையும் வெளியார் எழுதும் வாக்கியத்தையும் ஒரே எழுத்தோட்டமாகவே வாசிப்பதால், சாமர்த்தியமான ஒரு வாக்கியமே கட்டளையை மீறச் செய்துவிடக்கூடும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு, இத்தகைய செயலிகளின் அபாயங்களுக்கான தனது 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் இதையே முதலிடத்தில் வைத்துள்ளது. தகவல் தராதே என்று எழுதிவைப்பது காவலாகாது. கேட்பவரின் இலக்கம் உறுதிப்படும்வரை மாணவர் கோப்பே அதற்கு எட்டாதிருக்க வேண்டும்.

புதிய மாணவர் அணியைச் சேர்ப்பதற்கு முன்னர் உதவியாளரை வெளியிட வேண்டியிருந்ததாகவும், பின்னர் திருத்துவதாகவும் பொறுப்பாளர் கூறினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 மார்ச்சில், வழுவொன்றினால் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தபோது, சட்ஜிபிடி சேவையே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நேர அட்டவணைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்; பிள்ளையின் முகவரியை இதிலிருந்து நீக்குமாறு நிலையத்திடம் எழுத்தில் கேளுங்கள்.