செவர்லே 350-க்கு எந்த ஆயில் பம்ப்: சாதாரணமா, பெரிசா, கனத்த ஸ்பிரிங்கா?

1973 முதல் 1987 வரை அமெரிக்காவில் வந்த சதுர முகத்து செவர்லே சி10 பிக்கப்பை இன்னும் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். 350 கன அங்குல வி8 நன்றாகச் சூடேறி, சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் முள் கீழே படுத்துக்கொள்கிறது. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிக் கடைக்குப் போனால் ஒரே என்ஜினுக்கு மூன்று விதப் பம்ப்களை எடுத்து வைக்கிறார்கள். பம்ப் செய்யும் மெல்லிங் கம்பெனியின் பெயரிலேயே சொன்னால், எம்55 சாதாரணப் பம்ப். எம்55ஏ அதே பம்ப், ஸ்பிரிங் மட்டும் கனமானது. எம்55ஹெச்வி கூடுதல் எண்ணெய் தள்ளும் பெரிய பம்ப்.

எதையும் வாங்கும் முன் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். டாஷ்போர்டில் இருப்பது நாற்பது வருடப் பழைய கேஜ், அதற்குத் தகவல் தரும் சென்டரும் (பிரஷரை உணரும் பாகம்) அநேகமாக அதே வயசு. 1990-களின் 5.7 லிட்டர் என்ஜினுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் சொன்ன குறைந்தபட்ச அளவு, சூடான நிலையில் 1000 ஆர்பிஎம்மில் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பிரஷர் அளவு), 2000-இல் 18, 4000-இல் 24. பலர் மனப்பாடமாகச் சொல்லும் 'ஆயிரத்துக்குப் பத்து' (ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ) என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் கம்மி. ஐடிலிங்கில் 12 காட்டுகிறதே என்று என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றக் கிளம்பியவர் அப்படியே வீட்டுக்குள் போய்விடலாம்.

சரி, மெக்கானிக்கல் கேஜும் கீழேதான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பின் வேலை எண்ணெயைத் தள்ளுவது மட்டும். தள்ளிய எண்ணெய்க்கு வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் பிரஷராகத் தெரிகிறது. சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் எண்ணெய் சுலபமாக வழிந்தோடும், முள் இறங்கும். புதுப் பம்ப் போட்டாலும் அந்த இடைவெளி அங்கேயேதான் இருக்கும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு மூன்றையும் பாருங்கள். கனத்த ஸ்பிரிங் உள்ள எம்55ஏதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு, பிரஷர் ஓர் உச்சத்தைத் தாண்டும்போது மட்டும் திறந்து மிச்ச எண்ணெயைத் திருப்பி விடுகிறது. ஸ்பிரிங் அந்த உச்சத்தைத்தான் நிர்ணயிக்கிறது. சூடான ஐடிலிங்கில் வால்வு மூடியேதான் இருக்கும். மூடிய வால்வின் பின்னால் எவ்வளவு கனமான ஸ்பிரிங் இருந்தால் என்ன? சிக்னலில் படுக்கும் முள் இதனால் எழுந்திருக்காது. மேல் ஆர்பிஎம்மில் மட்டும் அளவு கூடும். அதையும் வண்டியின் கேஜில் ரசிக்க முடியாது, ஏனென்றால் அதன் அளவுகோல் 60-உடன் முடிந்துவிடுகிறது. இது ரேஸ் என்ஜின்காரர்களுக்கான பொருள்.

எம்55ஹெச்வி வேறு கதை. சாதாரணப் பம்பின் பல்சக்கரம் 1.2 அங்குல உயரம், இதில் 1.5 அங்குலம். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் 25 சதவீதம் கூடுதல் எண்ணெய். ஐடிலிங்கில் முள் நிஜமாகவே எழும், அதனால்தான் இதற்கு இவ்வளவு விசிறிகள். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தேதான் இருக்கிறது, காய்ச்சலுக்கு மாத்திரை போட்ட மாதிரி. அப்புறம் செலவுகள்: பம்பைச் சுழற்றுவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், அதைச் சுழற்றுவது வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட். எனவே கூடுதல் சுமை முழுவதும் அந்தச் சின்ன டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தின் மேல் விழுகிறது. குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது சுமை இன்னும் மோசம். பேரிங் இடைவெளியை வேண்டுமென்றே தளர்வாக வைத்துக் கட்டிய என்ஜினுக்கும், எண்ணெய்க் கூலர் மாட்டிப் பாரம் இழுக்கும் வண்டிக்கும் இது பொருந்தும். கம்பெனி அளவில் இருக்கும் 350-க்கு இந்தக் கூடுதல் எண்ணெயில் பெரும்பகுதி ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிப் போகும், சும்மா சூடேறிக்கொண்டு.

நானாக இருந்தால் சாதாரண எம்55தான். பழைய பம்பையே கழற்றிச் சுத்தம் செய்து போடலாமே என்பவர்களும் உண்டு. ரிலீஃப் வால்வு அழுக்கில் சிக்கித் திறந்தபடி நின்றிருந்தால் அதை விடுவித்தாலே போதும் என்பது உண்மைதான். ஆனால் என்ஜினில் ஃபில்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வடிகட்டாத எண்ணெயைக் குடிக்கும் பாகம் பம்ப். மூடியைத் திறந்தால் உள்ளே கீறல்கள் தெரியும். புதுப் பம்பின் விலையையும் அதை எட்டுவதற்குப் படும் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பழையதைத் திரும்ப மாட்ட மனசு வராது.

எந்தப் பம்ப் என்ற சண்டையில் மறந்துபோவது நடுத்தண்டு. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பம்புக்கு இறங்கும் இந்தத் தண்டைக் கம்பெனி ஒரு நைலான் வளையத்தால் இணைத்தது. அது வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்து நொறுங்கும். துண்டுகள் சம்ப்பில் விழுந்து, பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும். எஃகு வளையம் உள்ள தண்டு கிடைக்கிறது. பம்ப் எதுவானாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

அடுத்து ஸ்ட்ரெய்னர். இதில்தான் பெரிய பம்ப் மறுபடியும் வம்பு செய்கிறது. அதன் உடல் உயரம் என்பதால், பழைய ஸ்ட்ரெய்னரை அப்படியே மாட்டினால் அது இன்னும் கீழே இறங்கி சம்ப்பின் தரையை முத்தமிடும். தரைக்கும் வலைக்கும் நடுவே 1/4 முதல் 3/8 அங்குலம் வரை இருக்க வேண்டும். சம்ப்புக்குள் களிமண் உருண்டை வைத்து, கேஸ்கெட்டோடு ஒருமுறை மூடித் திறந்து, நசுங்கிய உயரத்தை அளந்தால் தெரிந்துவிடும். ஸ்ட்ரெய்னரின் குழாய் பம்புக்குள் வெறுமனே இறுக்கமாக நுழைத்து நிற்பது. அதிர்வில் கழன்றால் பம்ப் காற்றைக் குடிக்கும். ஆகவே அளவு சரியானதும் ஒரு பொட்டு வெல்டிங். வெல்டிங்குக்கு முன் ரிலீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் அது தளர்ந்துவிடும்.

வேலையின் கஷ்டம் மூன்றுக்கும் ஒன்றுதான். பம்பைப் பின் மெயின் கேப்போடு (கிராங்கின் கடைசிப் பேரிங்கைப் பிடிக்கும் மூடி) பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், 65 அடி-பவுண்டு இறுக்கம். அந்தப் போல்ட்டை எட்டுவதற்கு சம்ப்பை இறக்க வேண்டும், சம்ப் இறங்க என்ஜினைத் தூக்க வேண்டும். தூக்கும்முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றாவிட்டால் அது பின் சுவரில் மோதி உடையும். முன்பக்கத் தடித்த சீல், மெல்லிய சீல் என்று சம்ப் கேஸ்கெட்டில் இரண்டு உண்டு: 1974 வரை மெல்லியது, 1975 முதல் தடித்தது. 1985 வரையான என்ஜின்களில் பின் மெயின் சீல் இரண்டு துண்டு. பம்ப் கழன்றதும் அந்தக் கேப்பையும் கழற்றி சீலை மாற்றிவிடலாம். கேப் கையில் இருக்கும்போதே பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் மெல்லிய இழையை வைத்து பேரிங் இடைவெளியை அளந்துவிடுங்கள். பேரிங்கில் சுழலும் சுமார் 2.45 அங்குல ஜர்னலுக்கு (கிராங்கின் அந்தப் பகுதி) 0.0025 அங்குலத்தை ஒட்டி வந்தால் நிம்மதி. அதற்கு இரண்டு மடங்கு காட்டினால் எந்தப் பம்பும் காப்பாற்றாது, என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

மூடிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது, முதலில் பம்பைக் கையால் ஓட்டி எண்ணெயை என்ஜினுக்குள் ஏற்ற வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, அதை ட்ரில்லில் பூட்டிக் கடிகாரச் சுற்றில் ஓட்டுங்கள். வெறும் கம்பியால் சுற்றினால் பிரஷர் சரியாக ஏறாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் அங்கே வால்வுகளைத் தூக்க உதவும் லிஃப்டர்களுக்குப் போகும் எண்ணெய் வழியை மூடி வைக்கிறது. எண்ணெய் பிடித்ததும் ட்ரில் திணறும், முள் எழும். கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் வால்வுகளை அழுத்தும் பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் நிஜ டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது அது பாதியில் நின்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். நடுத்தண்டின் காடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரால் தண்டைச் சற்றுத் திருப்பி வைத்தால் தானாகவே உட்காரும்.