1/72 லிபரேட்டர் பிளாஸ்டிக் கிட்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. பிளாஸ்டிக்குக்கு நான்குகூடக் கொடுக்கலாம், மீதியைக் குறைத்ததற்குக் காரணம் கீழே இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் பறந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, பாகம் பாகமாக வருவதை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல். ஆன்லைனில் வரவழைத்தேன், கூரியரோடு ஐயாயிரத்தை ஒட்டி வந்தது. குறை சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 33.5 மீட்டர், அதனால் கிட்டிலேயே 46 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஷோகேஸை அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள், இல்லையென்றால் பீரோ மேல்தான் இடம்.

பட்டறைக்காரன் கண்ணுக்கு முதலில் பட்டது பிசிறு. பாகங்களை வார்க்கிற அச்சு, அதாவது டை, தேய்ந்தபிறகும் அடித்திருக்கிறார்கள், இஞ்சின் மூடிகளிலும் சக்கரங்களிலும் ஓரமெல்லாம் மெல்லிசாகப் பிளாஸ்டிக் வழிந்து நிற்கிறது. பிளேடும் 600 நம்பர் உப்புத்தாளும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதான். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் இடைவெளி விழுகிறது, அதற்கு காருக்குப் போடும் புட்டியே போதும். கண்ணாடி பாகங்கள் மட்டும் அருமை, மூக்கில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. குண்டு அறைக் கதவுகளையும் சரியாகச் செய்திருக்கிறார்கள். லிபரேட்டரில் அந்தக் கதவு வெளியே திறந்து தொங்காது, கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேலே ஏறிவிடும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஒட்ட இரண்டு செட் கொடுத்திருப்பது நல்ல விஷயம்.

மூக்கு எடையில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். மூன்று சக்கரத்தில் நிற்கிற விமானம், வால் பக்கம் கனம், உள்ளே எடை வைக்காமல் ஒட்டிவிட்டால் வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துகொள்ளும். வழிமுறைத் தாளில் போட்டிருக்கிற எடை போதவே போதாது. தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கி, பைலட் அறையின் தரைக்கு அடியிலும் மூக்குச் சக்கர அறையின் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, உடம்பை ஒட்டுவதற்கு முன்பே டேப் சுற்றி நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று, பெயின்ட் அடிப்பதை ஆனி ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூருக்குள் கொண்டுவருகிற புழுதி அத்தனையும் ஈரப் பெயின்ட் மேல்தான் வந்து உட்காரும். காருக்கு அடிக்கிற சில்வர் ஸ்ப்ரே சரிப்படும், ஆனால் நேரடியாகக் கனமாக அடித்தால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிரைமர் போட்டுவிட்டு, தூரத்தில் பிடித்து மெல்லிசாக அடிக்க வேண்டும்.

சரி, ஸ்டிக்கருக்கு வருகிறேன். பெட்டியில் இருப்பதெல்லாம் அமெரிக்கப் படைப்பிரிவுகளின் அடையாளம், மூக்கில் வரைந்த பெண் படங்கள், அவ்வளவுதான். இந்திய விமானப்படையின் அடையாளமான மூவர்ண வட்டம் ஒன்றுகூட இல்லை. லிபரேட்டர் என்ற விமானத்தை இன்றைக்கு நேரில் பார்க்க முடிகிறதென்றால் அதில் பாதிப் புண்ணியம் இந்தியாவுக்குத்தான் என்பதால் எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது.

மொத்தம் 18,000-க்கும் மேல் செய்தார்கள், உலகத்தில் வேறெந்தக் குண்டுவீச்சு விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. முழுசாக மிஞ்சியவை இருபதைத் தாண்டாது. போர் முடிந்ததும் அரிசோனாவில் கிங்மேன் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்தி, வெட்டி, உலையில் போட்டு அலுமினியப் பாளமாக ஊற்றிவிட்டார்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்தவை அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை, இனி யாரும் ஓட்டக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால் கான்பூரில் குவித்து வைத்து, இஞ்சினில் மணலைக் கொட்டி, கருவிகளை உடைத்து, லாரியை விட்டு இடித்து நாசம் செய்துவிட்டுப் போனார்கள். 1948-ல் அந்தக் குப்பைக்குள் இறங்கியது பெங்களூர் எச்.ஏ.எல். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் தங்கள் விமானங்களைப் பழுதுபார்த்த அதே தொழிற்சாலை, அதனால் கை பழகியிருந்தது. ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஓரளவு பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை பைலட் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஒவ்வொன்றாக ஓட்டிவந்தார். இப்படித் தேறியவை 40-க்கும் மேல். பழைய மோட்டாரைப் பிரித்துப் புது மோட்டார் பண்ணுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா?

1968 வரை நம் படை அவற்றை ஓட்டியது, கடைசிக் காலத்தில் கடல் ரோந்துக்கு. அப்புறம்தான் உலக மியூசியங்கள் வரிசையில் வந்து நின்றன. கனடாவின் ஆட்டவா, அமெரிக்காவின் டூசான், பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம், மூன்றுக்கும் போனவை இங்கிருந்து பறந்தே போனவை. 1989-ல் சீர்செய்யப்பட்டு அமெரிக்கா முழுக்கப் பறந்து காட்டிய 'விட்ச்கிராஃப்ட்' விமானமும் நம்முடையதாக இருந்ததுதான். போன இடங்களில் எல்லாம் பெயின்ட் மாற்றிவிட்டார்கள். பிரிட்டன்காரர்கள் செய்ததில் ஒரு நியாயம் உண்டு, அந்த விமானம் 1945-ல் அவர்களுடைய 99-ம் ஸ்குவாட்ரனில்தான் இருந்தது. மற்றவற்றில் இருபது வருட இந்திய உழைப்பின் மேல் வேறு யாருடைய பெயரையோ எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வண்ணத்தில் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி பாலம் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

அதனால் என்னுடையதை வெள்ளியாக அடித்து, தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீகால் பேப்பரில் மூவர்ண வட்டம் பிரின்ட் எடுத்து ஒட்டினேன். இங்க்ஜெட்டில் எடுத்தால் மேலே கிளியர் லாக்கர் அடிக்காமல் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், கலைந்துவிடும். பட்டறையில் டர்னர் தம்பி அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இத்தாம்பெரிய வண்டி நம்மகிட்ட இருந்துச்சுங்களா?" என்று கேட்டான். இருந்ததுடா என்றேன், உடைத்துப் போட்டதை நாமே மாட்டி ஓட்டினோம் என்றதும் விமானத்தை விட்டுவிட்டு மணலை இஞ்சினுக்குள்ளிருந்து எப்படி எடுத்திருப்பார்கள் என்பதிலேயே நின்றுவிட்டான்.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை 'கருடா' என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புக் கூடம் நடத்திய ஊர் கோயம்புத்தூர், சூலூரில் இன்றும் விமானப்படைத் தளம் இருக்கிறது. இங்கே இந்தக் கிட்டுக்கு ஆள் இல்லாமல் இல்லை. முதல் கிட்டாக மட்டும் இதை வாங்கிவிடாதீர்கள், இரண்டு சின்ன விமானம் ஒட்டிக் கை பழகியபிறகு வாங்குங்கள். கம்பெனி அடுத்த பதிப்பில் இந்திய வட்டம் போட்ட ஒரு தாளைச் சேர்த்தால் அந்த அரை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், மூக்கு எடையையும் திருத்திவிட்டால் இன்னொரு அரை.