குடும்பக் கதையா, மரபணு டெஸ்ட்டா?

கணவருக்கு மனச்சிதைவு நோய், பிள்ளைக்கும் வருமா என்று எச்சில் கொடுத்து மரபணு டெஸ்ட் பார்க்கலாமா அக்கா என்று காசிமேட்டில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். குடும்ப வரலாறு காசில்லாமல் கிடைக்கும்: பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு வரலாம், மீதிப் பேருக்கு வருவதில்லை. என்ன, நம் வீடுகளில் 'பெரியப்பாவுக்குக் காத்து கருப்பு' என்று மூடி வைத்திருப்பார்கள், அதைத் தோண்டி எடுப்பதுதான் பாடு.

டெஸ்ட்? 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மரபணுத்தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் துளி அளவுதான். அதையெல்லாம் கூட்டி, நோய் வரும் வாய்ப்புக்குப் போடும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துக் கணித்தது, நமக்குச் சரியாகப் பொருந்தாது. 22ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருந்தால் மட்டும் சங்கதி வேறு, சுமார் நாலில் ஒருவருக்கு நோய் வருகிறது. பிள்ளைக்குப் பிறவி இதயக் கோளாறு, அண்ணப்பிளவு இருந்தால் அது இந்தத் துண்டு விடுபட்டதாலும் இருக்கலாம், அதற்கான டெஸ்ட்டை டாக்டரிடம் கேட்கலாம்.