சணலா, கிளிசரியாவா, கோ-3 புல்லா?

தை மாதம் வயல் அறுத்து முடிந்ததும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரே கதைதான்: வெறுமையாய்க் கிடக்கிற நிலத்தில், மடக்கி உழுது பசளையாக்கச் சணல் (சணப்பை; சாக்குச் சணல் அல்ல) எறிவதா, மாட்டுக்குப் புல்லு வைப்பதா? 2021 இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, எல்லோரும் யூரியாவுக்கு அலைந்த பிறகு இந்தக் கேள்வி கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறது. என்னிடம் ஆறு பரப்புத் தோட்டம், கொஞ்சம் வயல், இரண்டு மாடு. சணல், வேலியில் நடும் கிளிசரியா, கோ-3 புல் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். என் பக்கம் சணலின் பக்கம்; அதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

கோ-3 கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒட்டுப்புல். நேப்பியர் புல்லும் கம்பும் கலந்தது. இரண்டு கணு உள்ள தண்டை ஊன்றினால் இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. பால் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது மண்ணுக்குக் கொடுக்கிற பயிரல்ல, மண்ணிலிருந்து எடுக்கிற பயிர். தண்ணீரும் பசளையும் கேட்டுக்கொண்டே இருக்கும். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத ஊர் இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைதான் கிணற்றில் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் வெங்காயத்துக்கு இறைப்பதா, புல்லுக்கு இறைப்பதா? புல்லுக்கு யூரியா போட்டால் மிச்சம் அதே கிணற்றுக்குத்தான் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைதரேற்று கூடிய கதை தெரிந்ததுதானே. ஆகையால் மாட்டுக் கொட்டில் கழுவுகிற தண்ணீர் பாயும் இடத்தில் மட்டும் இரண்டு வரிசை வைத்திருக்கிறேன்.

கிளிசரியா, அதாவது சீமைக்கிளுவை, நிலமே கேட்காது. மாரி தொடங்கும்போது வேலியில் கதியாலாக, அதாவது துளிர்க்கிற உயிர்க்கம்பாக, நட்டால் சரி. பூவரசங்குழை வெட்டித் தோட்டத்தில் தாட்ட ஊருக்கு இது புது வித்தையில்லை. இதன் இலை மெல்லியது, பூவரசைவிடக் கெதியில் உக்கும். 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசு இதை அறிவித்தது. எங்கள் ஊரில் வேலியைத் தாண்டி அது வரவில்லை. இப்போது மதில் கட்டக் கட்ட அந்த வேலியும் குறைகிறது. மாடு முதலில் மணத்துக்கு முகத்தைத் திருப்பும். அரை நாள் வாடவிட்டு வைக்கோலோடு கலந்து போட்டால் பழகிவிடும். சிக்கல் எங்கே என்றால், மாடு தின்ற குழை தோட்டத்துக்கு வராது, தோட்டத்தில் தாட்ட குழை மாட்டுக்கு இல்லை. ஒரு வேலி இரண்டுக்கும் காணாது. வெட்டிச் சுமக்கிற கூலி வேறு.

சரி, சணல். நெல் வெட்டிய ஈரம் காய முன் விதையை எறிந்து ஒரு உழவு உழுதால் போதும். மிச்ச ஈரமும் மாசிப் பனியும் வளர்த்துவிடும், பம்ப் வைக்கத் தேவையில்லை. ஒரு மாதத்தில் ஒரு செடியைக் கிளறி எடுத்து வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டும். அப்படியென்றால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கிற வேலை நடக்கிறது. மிளகாய், கத்தரி வேரில் வட்டப்புழு போடும் முடிச்சு வேறு, இது வேறு. அந்த வட்டப்புழுவையும் சணல் குறைக்கும் என்பதுதான் தோட்டக்காரனுக்கு மேலதிக இலாபம். மாட்டுக்கு மட்டும் நம்பவேண்டாம். விதையில் நஞ்சு உண்டு, காய் பிடித்த சணலைக் கொட்டிலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இதில் எல்லாம் நாள் கணக்குத்தான். 45 முதல் 60 நாளுக்குள், பூ தொடங்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும். ஒரு வருடம் வயல் முழுக்க மஞ்சளாய் விரிந்தது. வீதியால் போன பெடியள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள். எனக்கும் மனம் வரவில்லை, இரண்டு கிழமை விட்டுவிட்டேன். அதற்குள் தண்டு நாராகிவிட்டது. லான்ட்மாஸ்டரின் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின்) கத்தியில் நார் கயிறு போலச் சுற்ற, சாலுக்குச் சால் நிறுத்தி அறுத்து எடுத்தோம். உழவுகாரர் கூலியையும் வாங்கிக்கொண்டு ஏசிவிட்டும் போனார். தாட்டது உக்க வழக்கமாக இரண்டு மூன்று கிழமை போதும். அந்த முறை ஒரு மாதம் கழித்தும் மண்வெட்டியில் தண்டு தட்டுப்பட்டது.

இம்முறை முதல் பூவைக் கண்ட அன்றே உழவுக்குச் சொல்லிவிட்டேன்.